சேர வந்தவர்களைக் கேட்டார்கள், சேர்த்துக்கொண்டவர்களை?

நண்பர்களே,

ஐரோப்பிய ஒன்றியம் பெரிதாவதை அங்குள்ள மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரு பிளம்பரிலிருந்து தொடங்குகிறேன். போலந்துக்காரர். அப்படி ஓர் ஆள் உண்மையில் இல்லை, அதுதான் வேடிக்கை.

2004 மே 1 அன்று பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. அவற்றில் ஒன்பது நாடுகள் தங்கள் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தின. சைப்ரஸ் மட்டும்தான் விதிவிலக்கு. சரி, அவர்களைச் சேர்த்துக்கொண்ட பழைய பதினைந்து நாடுகள்? ஒன்றுகூட நடத்தவில்லை. வீட்டுக்கு ஆள் வருகிறது, வீட்டில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனத்தாங்கல் வராமல் என்ன செய்யும்?

அடுத்த ஆண்டே அது வெடித்தது. ஒன்றியத்துக்கான அரசியல் சாசன ஒப்பந்தத்தை ஏற்பதா என்று பிரான்ஸ் மக்களிடம் கேட்டார்கள். சேவைத் தொழில்களை எல்லை தாண்டித் திறந்துவிடும் ஒரு சட்ட வரைவும் அதே நேரத்தில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஒன்றியத்தின் நிர்வாகத்தில் இருந்த போல்கெஸ்டைன் என்ற டச்சுக்காரர். குறைந்த கூலிக்கு வேலை செய்ய வரப்போகிற 'போலந்து பிளம்பர்' பிரான்ஸ் முழுக்கப் பேச்சானார். வட பிரான்ஸில் போல்கெஸ்டைனுக்கு இருந்த வீட்டின் மின்சாரத்தை மின் ஊழியர்களே துண்டித்தார்கள் என்றால் கோபத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். போலந்து சுற்றுலாத் துறை சளைக்கவில்லை. கையில் குழாயோடு ஓர் அழகான இளைஞனை நிறுத்தி, 'நான் போலந்திலேயே இருக்கிறேன், நீங்கள் திரளாக வாருங்கள்' என்று சுவரொட்டி போட்டது!

மே 29 அன்று பிரான்ஸில் சுமார் 55 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். மூன்றே நாளில் நெதர்லாந்தும் அதையே சொன்னது. வாக்குச்சீட்டில் போலந்தின் பெயரே இல்லை. கேட்ட கேள்வி ஒன்று, கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் வந்தது.

இதை வெறும் இனவெறுப்பு என்று ஒதுக்கிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதிதாகச் சேர்ந்த நாடுகளிலிருந்து பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர்தான் வருவார்கள் என்று ஓர் ஆய்வு கணித்தது. மற்ற பெரிய நாடுகளும் வேலை தேடி வருபவர்களுக்குக் கதவைத் திறக்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு அது. ஜெர்மனி ஏழு ஆண்டுகள் கதவைச் சாத்தி வைத்தது. முதல் நாளே திறந்தவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மட்டும். வந்தவர்கள் கணிப்பைவிடப் பல மடங்கு. அதற்கப்புறம் அரசு சொல்லும் எந்த எண்ணை மக்கள் நம்புவார்கள்?

2016இல் நெதர்லாந்தில் இன்னொரு வாக்கெடுப்பு, உக்ரைனோடு ஒரு கூட்டு ஒப்பந்தம் பற்றி. 61 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். உக்ரைனுக்கு வேட்பாளர் தகுதியை, அதாவது ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் நாடு என்ற இடத்தை, இது தராது என்று ஒரு விளக்கம் சேர்த்து, ஒப்பந்தத்தை நிறைவேற்றிவிட்டார்கள். போர் வந்தது. 2022 ஜூனில் வேட்பாளர் தகுதியும் வந்தது.

அந்தப் பிளம்பரின் நாட்டுக்கே திரும்பி வருகிறேன். உக்ரைன் தானியம் மலிவாக வந்து தங்கள் விலையைக் கெடுக்கிறது என்று போலந்து விவசாயிகள் எல்லைச் சாலைகளை டிராக்டர்களால் மறித்தார்கள். 2024 பிப்ரவரியில் சிலர் சரக்கு ரயில் பெட்டியைத் திறந்துவிட, தானியம் தண்டவாளத்தின் மேல் கொட்டிக் கிடந்தது.