யார் கையில் அந்தப் போன்?

நண்பர்களே, வணக்கம். செல்பேசி நம் குணத்தைக் கெடுக்கிறதா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. குணம் என்பதற்கு உடம்பில் என்ன வேர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனுக்கு வருகிறேன்.

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெடிமருந்தைக் கெட்டிக்கும் இரும்புக் கம்பி, ஃபினியஸ் கேஜ் என்ற 25 வயது மேற்பார்வையாளரின் கன்னத்தில் பாய்ந்து உச்சந்தலை வழியாக வெளியே போய் விழுந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். பேச்சு போகவில்லை, நினைவும் போகவில்லை. ஆனால் பொறுப்பானவர் என்று பெயரெடுத்தவர், முன்கோபியாக, எதிலும் நிலைக்காதவராக மாறிவிட்டார் என்று வைத்தியம் பார்த்த ஜான் ஹார்லோ எழுதிவைத்தார். 'இவர் பழைய கேஜ் இல்லை' என்றார்களாம் தெரிந்தவர்கள். சேதமானது மூளையின் முன்பகுதி. குணத்துக்கு மூளையில் இடமுண்டு என்பதற்கு இன்றும் இவரைத்தான் காட்டுகிறோம்.

பெரும்பாலும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதன் பிற்பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் பயணிகள் குதிரைவண்டி ஓட்டினார். பல குதிரைகளை ஒருசேரப் பிடித்து, நேரம் தவறாமல் போய்வரும் வேலை. ஒழுங்கான அந்த வாழ்க்கை அவரை ஓரளவு மீட்டிருக்க வேண்டும் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆக, மூளை குணத்தைத் தாங்குகிறது. வாழும் முறையும் மூளையைத் தொடுகிறது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பிறவியிலேயே வருவது எவ்வளவு? 1979-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் புஷார்ட் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பிறந்ததும் பிரிந்து, வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்தார். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள் தனித்தனியே வளர்ந்தும் குணத்தில் வியக்கும்படி ஒத்திருந்தார்கள். அதன் பின் வந்த ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மனிதருக்கு மனிதர் குணம் வேறுபடுவதில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் மரபணு வேறுபாடுகளோடு தொடர்புடையது. உங்கள் குணத்தில் பாதி அப்பா அம்மா கொடுத்தது என்று இதற்குப் பொருள் கிடையாது. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு இது. 'துணிச்சல் மரபணு', 'கவலை மரபணு' என்று 1990-களில் பரபரப்பாக வந்த செய்திகளும் பின்னாளில் நிலைக்கவில்லை. மிகச் சிறிய விளைவுள்ள எண்ணற்ற மரபணு மாறுபாடுகள் கூடித்தான் ஒரு சுபாவம் அமைகிறது.

அந்தச் சுபாவம் எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது என்பதை உளவியலாளர் ஜெரோம் கேகன் காட்டினார். நான்கு மாதக் குழந்தைகளுக்கு ஆடும் பொம்மைகளையும் புதிய குரல்களையும் காட்டினார். ஐந்தில் ஒரு குழந்தை கைகால் உதறி அழுதது. ஐந்தில் இரண்டு, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தன. உதறி அழுதவர்களில் பலர் பின்னாளில் கூச்சமும் எச்சரிக்கையுமாக வளர்ந்தார்கள்; எல்லாரும் அப்படியாகிவிடவில்லை.

அப்புறம் டோபமைன், மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம். இதை 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று சொல்வதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு வந்தபோது அவை துடித்தன. விளக்கெரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, சாறுக்குத் துடிக்கவில்லை, விளக்குக்கே துடித்தன. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியை அவை அளக்கின்றன. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு நம்மை விடாமல் இழுப்பது இதனால்தான். முடிவே இல்லாமல் உருளும் திரை 2006-இல் வந்தது, ஃபேஸ்புக்கின் லைக் பொத்தான் 2009-இல். இரண்டும் அந்த இடைவெளியின் மேல்தான் வேலை செய்கின்றன. அடுத்து வருவது நல்லதா சலிப்பானதா என்று தெரியாததால் விரல் நிற்பதில்லை.

ஆனால் எல்லா விரலும் ஒரே மாதிரி நகர்வதில்லை. என் பேச்சே இதைப் பற்றித்தான். 2019-இல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ப்ஷிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் பல லட்சம் இளையோரின் தரவுகளை அலசினார்கள். டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்க முடிந்தது, மனநலத்தில் காணும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதம்தான். இதைக் கேட்டதும் 'அப்படியானால் பயமில்லை' என்று சிலர் நிம்மதியடைந்தார்கள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. 2021-இல் பட்டி வால்கன்பர்க் குழுவினர் நெதர்லாந்தில் வளரிளம் பருவத்தினரை ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்த்தார்கள். சமூக ஊடகம் தன்மதிப்பை எப்படி மாற்றுகிறது என்பதுதான் கேள்வி. 88 சதவீதம் பேருக்கு விளைவே இல்லை அல்லது மிகமிகக் குறைவு. 4 சதவீதம் பேருக்கு நன்மை. 8 சதவீதம் பேருக்குத் தீமை. சராசரி எடுத்தால் நூற்றில் அந்த 8 பேர் காணாமல் போய்விடுகிறார்கள். நான் கவலைப்படுவது அவர்களுக்காக.

ஆகவே, எத்தனை மணி நேரம் பார்க்கிறான் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோரிடம் மன்றாடிக் கேட்கிறேன்: போனைக் கீழே வைத்த பிறகு அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே எழுந்து போகிறாள். இன்னொருத்தி, யாரோ பதில் போடவில்லை என்று இரவு முழுக்கப் புரள்கிறாள். இருவருக்கும் ஒரே சட்டம் போட்டால் ஒருத்திக்கு அநியாயம், மற்றவளுக்குப் பயனில்லை. தூக்கம் கெடுகிறதென்றால் மட்டும் விவாதமே வேண்டாம், படுக்கையறையிலிருந்து போனை எடுத்துவிடுங்கள்.

பிள்ளையின் சுபாவம் இப்படி, நாங்கள் என்ன செய்வது என்று நிறுவனங்கள் தப்பித்துக்கொள்ள இதில் இடமில்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் போட்ட லைக்குகளை மட்டும் வைத்து அவர் குணத்தைக் கணினி கணித்தது. 10 லைக் கிடைத்தால் உடன் வேலை செய்பவரைவிடச் சரியாகச் சொன்னது. 150 கிடைத்தால் குடும்பத்தாரைவிட. 300 கிடைத்தால் வாழ்க்கைத் துணையைவிட. எந்தப் பிள்ளை அந்த 8 சதவீதத்தில் இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க உதவும் தரவு அவர்களிடம்தான் குவிந்து கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, தகுதி பெற்ற ஆய்வாளர்களுக்கு அத்தகைய தரவைத் திறந்துவிடும்படி பெரிய தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. மற்ற நாடுகளின் சட்டமன்றங்களிலும் அதே பிரிவைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் இன்று உங்கள் முன் நான் வைக்கும் கோரிக்கை.