பழைய லேப்டாப்ல லினக்ஸ்: இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஓட்டிப் பாருங்க

வணக்கம் மக்களே! விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து எல்லாரும் கேக்கற ஒரே கேள்வி, "ப்ரோ பழைய லேப்டாப்புக்கு எந்த டிஸ்ட்ரோ போடலாம்?" (விண்டோஸுக்கு பதிலா போடற லினக்ஸ்ல பல வகை இருக்கு, ஒவ்வொரு வகையும் ஒரு டிஸ்ட்ரோ.) யார் சொல்றதையும் நம்பி உடனே இன்ஸ்டால் பண்ணிடாதீங்க, நான் சொன்னாலும் சரி. உங்க மெஷின்ல, உங்க வைஃபைல, ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அதுக்கு ஹார்ட் டிஸ்க்ல இருக்கறத தொடவே வேணாம்.

ஒரு பென்ட்ரைவ் எடுத்துக்கோங்க, அதுல வென்டாய் (Ventoy) போடுங்க, பென்ட்ரைவ்ல இருந்தே ஓஎஸ்ஸ ஓட்ட வைக்கற டூல் அது. போடும்போது உள்ள இருக்கறது மொத்தமும் அழிஞ்சிரும், அதனால முதல்ல வேற எங்கயாவது காப்பி பண்ணி வெச்சிருங்க. அதுக்கப்புறம் ரொம்ப ஈஸி, டவுன்லோட் பண்ண ஐஎஸ்ஓ ஃபைல (முழு டிஸ்ட்ரோவும் ஒரே ஃபைலா இருக்கறது) அப்படியே பென்ட்ரைவ்ல காப்பி பண்ணா போதும், மின்ட், லுபுன்டு, ஆன்டிக்ஸ், பப்பின்னு இடம் இருக்கற வரைக்கும் போட்டுட்டே போலாம், பென்ட்ரைவ்ல இருந்து பூட் பண்ணும்போது லிஸ்ட் வரும், வேணுங்கறத செலக்ட் பண்ணிக்கலாம், பிடிக்கலையா அந்த ஃபைல டெலிட் பண்ணிருங்க, அவ்ளோதான். லேப்டாப் ஆன் ஆகும்போது பென்ட்ரைவ செலக்ட் பண்ற பூட் மெனுவுக்கு எஃப்12, எஃப்9, எஸ்கேப், இதுல ஏதாவது ஒண்ணு பெரும்பாலும் வேலை செய்யும், கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

டெஸ்க்டாப் வந்ததும் வால்பேப்பர், தீம்னு சுத்திட்டு இருக்காதீங்க, அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம். முதல்ல வைஃபை கனெக்ட் ஆகுதான்னு பாருங்க. பழைய மெஷின்ல பிராட்காம் கம்பெனி வைஃபை சிப் இருந்தா சில டிஸ்ட்ரோல டிரைவர் தனியா போட வேண்டி வரும், அந்த நேரத்துக்கு ஃபோன யுஎஸ்பில சொருகி டெதரிங் போட்டா நெட் வந்துரும். அடுத்து லேப்டாப்ப மூடுங்க, கொஞ்ச நேரம் விட்டு திறங்க. ஸ்க்ரீன் திரும்ப வருதா, வைஃபை உயிரோட இருக்கா? தினமும் யூஸ் பண்ணப் போறவங்களுக்கு எரிச்சல் கொடுக்கறது பெரும்பாலும் இந்த ஸ்லீப் பிரச்சனைதான், ஆனா யாருமே இத டெஸ்ட் பண்றதில்ல. பிரைட்னஸ் கீ, சவுண்ட், வெப்கேம் எல்லாம் ஒரு தட்டு தட்டிப் பாத்துருங்க.

அப்புறம் பிரவுசர்ல நீங்க வழக்கமா திறக்கற டேப் எல்லாத்தையும் திறந்து ஒரு வீடியோவும் ஓட விட்டுட்டு டெர்மினல்ல (கமாண்ட் டைப் பண்ற விண்டோ) ஃப்ரீ மைனஸ் ஹெச் (free -h) அடிங்க, எவ்ளோ ரேம் மிச்சம் இருக்குன்னு காட்டும். அதுல ஃப்ரீங்கற நம்பர பாத்து பயப்படாதீங்க, சும்மா கிடக்கற ரேம லினக்ஸ் கேஷுக்கு, அதாவது தற்காலிகமா டேட்டா வெச்சுக்க, எடுத்துக்கும், நீங்க பாக்க வேண்டியது கடைசில இருக்கற அவைலபிள். லைவ்ல, அதாவது இன்ஸ்டால் பண்ணாம பென்ட்ரைவ்ல இருந்தே ஓடும்போது, நீங்க சேவ் பண்றதும் டவுன்லோட் பண்றதும் கூட ரேம்லதான் உக்காரும், அதனால இன்ஸ்டால் பண்ணப்புறம் இதவிட கொஞ்சம் தாராளமாவே இருக்கும். ஆப் திறக்க லேட் ஆகுதுன்னா பாதி நேரம் அது பென்ட்ரைவோட வேகம், டிஸ்ட்ரோ மேல பழி போடாதீங்க. பப்பி மட்டும் விதிவிலக்கு, சின்ன சைஸ்ங்கறதால முழுசா ரேம்ல ஏறி பறக்கும், ஷட்டவுன் பண்ணும்போது உங்க வேலைய ஒரு ஃபைலா சேவ் பண்ணட்டுமான்னும் கேக்கும்.

ரேம் 4 ஜிபின்னா மின்ட்டோட லைட்டான எக்ஸ்எஃப்சிஇ எடிஷன், இல்ல லுபுன்டுல ஆரம்பிங்க, 2 ஜிபிக்கு கீழ போச்சுன்னா ஆன்டிக்ஸ், பப்பி. ரொம்ப பழசுன்னா டெர்மினல்ல எல்எஸ்சிபியு (lscpu) அடிச்சு ப்ராசஸர் எந்த வகைன்னு பாருங்க, வெறும் 32 பிட்னு (பழைய வகை) காட்டுச்சுன்னா சாய்ஸ் சுருங்கிரும். உபுன்டு 2017-லயே 32 பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவ நிறுத்திட்டாங்க, 2025-ல வந்த டெபியன் 13-லயும் அதுக்கு இன்ஸ்டாலர் இல்ல. ஆன்டிக்ஸ் 23-ல இருக்கு, அத எடுத்துக்கோங்க.

விண்டோஸுக்குள்ளயே இன்னொரு ஓஎஸ்ஸ ஓட்டற விர்ச்சுவல் பாக்ஸ்ல போட்டு பாக்கலாமேன்னு தோணும். பழைய லேப்டாப்புக்கு நான் சொல்லவே மாட்டேன், இருக்கற கொஞ்சூண்டு ரேம ரெண்டு ஓஎஸ் பங்கு போட்டுக்கும், அதுமில்லாம உங்க நிஜ வைஃபை கார்டு, கிராஃபிக்ஸ் எதுவும் டெஸ்ட் ஆகாது. சும்மா முகம் மட்டும் பாக்கணும்னா டிஸ்ட்ரோசீ சைட்டுல பிரவுசர்லயே பாத்துக்கலாம்.

ஒரு டிஸ்ட்ரோவ ரெண்டு மூணு நாளாவது லைவ்லயே யூஸ் பண்ணுங்க. டெஸ்க்டாப்லயே இன்ஸ்டால் ஐகான் கண்ணுக்கு நேரா இருக்கும், ஃபோட்டோ, டாக்குமெண்ட் எல்லாம் வெளி டிஸ்க்ல பேக்கப் எடுக்கற வரைக்கும் அத கிளிக் பண்ணாதீங்க. பார்ட்டிஷன் எப்படி பிரிக்கறதுன்னு அடுத்த வீடியோல பாக்கலாம்.