"மனுஷ சுபாவம்" என்றால் என்ன?

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பேருந்தில் வரும்போது முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வாய்க்கால் கரையை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டாராம். "மனுஷ சுபாவம், என்ன பண்றது" என்றார் ஒருவர். பேச்சு அதோடு நின்றது. அந்தச் சொல் வந்தாலே பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தென்னை எல்லாம் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் பொது அடுப்பு மூட்டி ஊரோடு சேர்ந்து சாப்பிட்டோம். அதை யாராவது மனுஷ சுபாவம் என்றார்களா? "மனுஷத்தன்மை" என்றார்கள். சுபாவம், தன்மை இரண்டுக்கும் அகராதியில் இயல்பு என்றுதான் பொருள். நம் வாயில் மட்டும் ஒன்று சாக்கு, இன்னொன்று பாராட்டு. "மனுஷன்னா அப்படித்தான்" என்று சொல்லும் அதே ஆள்தான் "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்றும் கேட்கிறார்!

சீனத்தில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே இதே வழக்கு. மனித இயல்பு சுழலும் நீர் மாதிரி, கிழக்கே வெட்டிவிட்டால் கிழக்கே ஓடும், மேற்கே வெட்டினால் மேற்கே ஓடும் என்றார் ஒருவர். மென்சியஸ் என்ற தத்துவ ஞானி விடவில்லை. கிழக்கு மேற்கு சரி, மேடு பள்ளம் தெரியாதா நீருக்கு? நீர் பள்ளத்தை நாடுவதுபோல மனிதன் நன்மையை நாடுவான் என்றார். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர்கள் சிரிக்கிறீர்கள். தெரிகிறது. வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் மதகை அடைத்துவிட்டால் பள்ளம் என்ன செய்யும்?

நம் வள்ளுவரும் தண்ணீரைத்தான் எடுத்தார்.

நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு
இனத்தியல்ப தாகும் அறிவு.

நிலத்துக்குத் தக்கபடி நீர் மாறும், சேரும் கூட்டத்துக்குத் தக்கபடி மனிதன் அறிவு மாறும் என்கிறார். இதில் இயல்பு என்ற சொல் இரண்டு முறை வருகிறது. ஒன்று நிலத்துக்கு, மற்றது கூட்டத்துக்கு. தனி மனிதனுக்கு இங்கே அவர் அதைக் கொடுக்கவில்லை. மேலே பெய்வது ஒரே மழைதான். திருவையாற்றில் குடிக்கலாம், கடலோரத்தில் போர்வெல் போட்டால் உப்பு. உப்புக் கரித்தால் மண்ணைப் பார்க்கிறோம். மழையைத் திட்டுவதில்லை.

அந்தப் பெரியவரிடம் ஒன்று கேட்க நினைத்தேன். கரையை வெட்டினவர் தலைமடையா, கடைமடையா? முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்களா, அவர் முறைக்கு வந்து சேர்ந்ததா? கேட்பதற்குள் அவருடைய நிறுத்தம் வந்துவிட்டது.