காது கேளாத விமானிகளின் சந்திப்பும் பச்சை விளக்கும்

வணக்கம் நண்பர்களே. வழக்கமாகக் காப்பியை முடித்துவிட்டுத்தான் உங்கள் முன் வருவேன். இன்று டம்ளர் அப்படியே ஆறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் வெவ்வேறு ஊரில் நடக்கும் காது கேளாத விமானிகள் சங்கத்தின் சந்திப்புக்குப் போகிறேன் என்று சென்ற வீடியோவில் சொன்னதிலிருந்து, "காது கேட்காதவர் எப்படி விமானம் ஓட்டுவார்? ஆபத்தில்லையா?" என்றே பலரும் என்னைக் கேட்கிறீர்கள். கேள்வியில் தவறில்லை, அதில் கலந்திருக்கும் "ஐயோ பாவம்" என்ற தொனிதான் எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

அவர்களுக்கு உரிமம் தருவது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம். ரேடியோ கட்டாயமாக உள்ள இடங்களில் பறக்க அது செல்லாது என்ற ஒரு வரி அதில் இருக்கும். ஆனால் அந்நாட்டில் பொதுப் பயன்பாட்டில் உள்ள சுமார் 5,000 விமானத் தளங்களில் ஏறத்தாழ 500 தளங்களில்தான் விமானிகளுக்கு ரேடியோவில் வழிசொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டு. மற்ற தளங்களில் பெரும்பாலானவற்றில் ரேடியோ கட்டாயமில்லை. காது கேட்பவரும் அங்கே நான்கு பக்கமும் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

கோபுரம் உள்ள தளத்திலும் முன்கூட்டியே பேசி அனுமதி பெற்றால், அங்கிருந்து விளக்கைக் காட்டி வழிநடத்துவார்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டு வட்டமடிக்க வேண்டும். சிவப்பு விட்டுவிட்டு மினுங்கினால் தளம் பாதுகாப்பாக இல்லை, இறங்கவே கூடாது.

அந்தப் பச்சையைப் படம் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் 89 டாலர் கொடுத்து லென்ஸ் ஃபில்டர் ஒன்றை வாங்கினேன். வெயிலில் எந்த விளக்கையும் இது பிடித்துவிடும் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். 89 டாலர் நண்பர்களே! முக்காலிக்குக்கூட நான் அவ்வளவு கொடுத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சந்திப்பு நடந்த தளத்தின் வேலி ஓரத்தில் நாற்பது நிமிடம் நின்றும் திரையில் ஒரு பொட்டுப் பச்சை விழவில்லை. அந்த ஒளிக்கற்றை மிகவும் குறுகியது என்பதும், எந்த விமானத்தை நோக்கிக் காட்டுகிறார்களோ அந்த விமானத்தில் இருப்பவருக்குத்தான் அது தெளிவாகத் தெரியும் என்பதும் பிறகுதான் எனக்கு விளங்கியது. ஃபில்டரைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் அந்தக் கடை மறுத்துவிட்டது.

நான் நிற்பதைக் கவனித்த ஒரு விமானி, தம்முடைய செஸ்னா என்ற சிறு விமானத்தின் வலது இருக்கையைத் தட்டிக் காட்டினார். இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அன்று காலை அவரிடம்தான் விமானத்துக்கான சைகையைக் கற்றிருந்தேன். நடு விரல்கள் இரண்டையும் மடக்கி மற்ற மூன்றையும் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி கையை முன்னோக்கி நகர்த்தினால் அது விமானம். அதே கையை நகர்த்தாமல் உள்ளங்கையை எதிரில் இருப்பவருக்குக் காட்டினால் "உன்னை நேசிக்கிறேன்" என்று பொருள். அரை மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு அவர் தலையசைத்தபோது எனக்குப் பரிசு வாங்கியதுபோல் இருந்தது.

மேலே போனதும் அவர் என் கையைப் பிடித்துக் கருவிப் பலகையின் மேல் வைத்தார். எஞ்சினின் சீரான அதிர்வு விரல் நுனி வரைக்கும் வந்தது. அது சற்றுப் பிசகினாலும் இருக்கையிலும் உள்ளங்காலிலும் தெரிந்துவிடும் என்பதை அவர் காட்டிய விதம் எனக்கு உடனே புரிந்தது. அன்று காலையே வீடியோ ரிலே சேவையில், திரையில் தெரியும் சைகை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கோபுரத்துடன் பேசி அவர் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தார். தளத்தை நெருங்கியபோது கோபுரக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பச்சை, எலுமிச்சங்காயின் பளிச்சென்ற பச்சை, நேராக எங்கள் முகத்துக்கு வந்தது. பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக அவர் இறக்கைகளை இருபுறமும் சாய்த்துக் காட்டினார். அந்த நேரம் பார்த்துக் கேமரா என் மடியில் கிடந்தது. அதற்காக நான் வருந்தவில்லை.

காது கேளாத விமானிகளின் வரலாறு என்றாலே எல்லோரும் கால்பிரெய்த் ராட்ஜர்ஸைத்தான் சொல்வார்கள். சிறு வயதில் காய்ச்சலால் செவித்திறனைப் பெருமளவு இழந்த அவர், 1911 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பி, எத்தனையோ முறை விழுந்தெழுந்து, டிசம்பர் 10 அன்று பசிபிக் கரையைத் தொட்டார். அமெரிக்காவைக் குறுக்காக முதலில் பறந்து கடந்தவர் அவர்தான். இருந்தாலும் என் மனத்துக்கு நெருக்கமானவர் நெல்லி வில்ஹைட். தட்டம்மையால் காது கேளாமல் போன அந்தத் தெற்கு டகோட்டாப் பெண் 1928-இல் விமானியானார். விமானக் காட்சிகளில் பறந்தபடியே பலூன்களைத் துரத்தி அடிப்பதில் கெட்டிக்காரராக இருந்தார். அவரைப் பற்றித் தனி வீடியோ ஒன்று நிச்சயம் வரும்.

இறங்கியதும் அங்கிருந்தவர்கள் இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைத்தார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். அந்த விமானி என் குறிப்பேட்டை வாங்கி, "நாளைக் காலை காற்று குறைவு, ஆறு மணிக்கு வா" என்று எழுதிக் கொடுத்தார். ஆகவே நாளைய வீடியோ மாலையில்தான் வரும்.