தூர்தர்ஷனுக்கு நம்ம வரிப்பணம் எதுக்கு? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காரு: "யாருமே பாக்காத தூர்தர்ஷனுக்கும் வானொலிக்கும் வரிப்பணத்தை ஏன் கொட்டணும்? இழுத்து மூடிட்டு, எல்லாத்தையும் தனியார்கிட்ட விட்டா என்ன?"

சார், யாருமே பாக்கலைங்கறது சரியில்ல. கேபிளும் கிடையாது, மாசக் கட்டணமும் கிடையாது, ஒரு டிஷ்ஷை மட்டும் மாட்டி டிடி ஃப்ரீ டிஷ் பாக்குற வீடு நாட்டுல 4 கோடிக்கு மேல இருக்கு. பெரும்பாலும் வடக்க. நம்ம தெருவுல இல்லைங்கறதால நமக்குத் தெரியல.

சரி, தனியார்கிட்ட விடறதைப் பத்திப் பேசுவோம். அப்படித்தான் ஆரம்பிச்சதே! 1924ல மெட்ராஸ்ல கிருஷ்ணசாமி செட்டியார்னு ஒருத்தர் முன்னால நின்னு ஒரு ரேடியோ கிளப் ஆரம்பிச்சாரு. 1927ல கையில காசு இல்லாம மூடிட்டாங்க. 1930ல அந்த ஒலிபரப்பு வேலையை சென்னை மாநகராட்சி எடுத்துக்கிட்டுது. ஆமா, குப்பை அள்ளுற, தெருவிளக்கு போடுற அதே மாநகராட்சிதான். பம்பாய்ல 1927ல தொடங்கின தனியார் கம்பெனியும் மூணே வருஷத்துல திவால். அதுக்கப்புறம்தான் அரசாங்கம் உள்ள வந்துச்சு. 1938ல மெட்ராஸ், 1939ல திருச்சின்னு ஆல் இந்தியா ரேடியோ நிலையங்கள் வந்துச்சு.

கைக்கு வந்ததை அரசாங்கம் எப்படி வெச்சுக்கிச்சு? நல்லதும் பண்ணுச்சு. தஞ்சாவூர்ப் பக்கம் வயசானவங்களைக் கேளுங்க, 'ரேடியோ நெல்'லுன்னு சொல்வாங்க. ஆடுதுறை 27. 1960கள்ல திருச்சி வானொலி, பயிர் பண்ற முறையை விவசாயிக்குப் புரியற பேச்சுல சொல்லிச் சொல்லியே அந்த ரகத்தைப் பரப்புச்சு. சோப்பு விளம்பரம் வராத அந்த நேரத்தை எந்த முதலாளி குடுப்பான்?

அதே வானொலியில 1952ல மத்திய அமைச்சரா வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவுன்னு ஓரங்கட்டினாரு. ஜனங்க என்ன பண்ணாங்க? முள்ளைத் திருப்பி சிலோன் ரேடியோ வெச்சாங்க. வேடிக்கை என்னன்னா, அதுவும் அரசாங்க ரேடியோதான். ஆனா விளம்பரம் வாங்குச்சு, நேயர் கேட்ட பாட்டைப் போட்டுச்சு. இங்க ரோஷம் வந்து 1957ல விவித் பாரதியைத் தொடங்கினாங்க. சினிமாப் பாட்டோட போச்சா? 1975 எமர்ஜென்சியில செய்தியே ஆளுங்கட்சி அறிக்கையா மாறிடுச்சு. 2017 சுதந்திர தினத்துக்கு வாங்க. அப்ப திரிபுரா முதல்வரா இருந்த மாணிக் சர்க்காரோட உரையை, மாத்திக் குடுத்தாத்தான் போடுவோம்னு தூர்தர்ஷன்லயும் வானொலியிலயும் சொன்னாங்க. அவரு மாத்தல, இவங்க போடல. இதுக்கெல்லாம் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

அப்ப தனியார்? நம்ம தமிழ்நாட்டை விடச் சிறந்த சோதனைக்கூடம் வேற எங்க இருக்கு! 1993ல சன் டிவி வந்தப்ப நிஜமாவே ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்துச்சு, அதை மறைக்கக் கூடாது. ஆனா அடுத்து ஜெயா, மக்கள், கலைஞர், கேப்டன்னு ரிமோட்டை அமுக்க அமுக்கக் கட்சி மாறுது. 2007ல சன் டிவி மாறன் சகோதரர்களுக்கும் கருணாநிதி குடும்பத்துக்கும் மனஸ்தாபம். அதே வருஷம் கலைஞர் டிவி வருது, அதே வருஷம் அரசு கேபிள் டிவி கழகமும் வருது. குடும்பம் ஒண்ணு சேர்ந்துச்சு, அரசு கேபிள் படுத்துடுச்சு. 2011ல ஜெயலலிதா வந்து மாசம் 70 ரூபான்னு அதைத் தூக்கி நிறுத்தினாங்க. இதுல எது அரசு, எது தனியார்னு நீங்களே பிரிச்சுச் சொல்லுங்க பாப்போம்.

அதனால பெயர்ப்பலகையில யார் பேர் இருக்குன்னு நான் பாக்கறதில்ல. காசை நிறுத்துற அதிகாரம் யார் கையில இருக்குன்னு பாக்கறேன். 1995ல, ஒரு கிரிக்கெட் ஒளிபரப்புத் தகராறுல, உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்துன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அரசாங்கத்தோட ஏகபோகமும் கூடாது, சந்தைக்கு அப்படியே தூக்கிக் குடுக்கவும் கூடாதுங்கறது அதோட சாரம். 1997ல பிரசார் பாரதிச் சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு. தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்துற அமைப்புதான் பிரசார் பாரதி, தன்னாட்சின்னு பேரு. ஆனா சம்பளப் பணம் வருஷா வருஷம் மத்திய பட்ஜெட்ல இருந்துதான் வருது. சோறு போடறவன் முகத்தைப் பாக்காம யாரு செய்தி வாசிப்பா?

ஜெர்மனியில என்ன பண்றாங்கன்னா, வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ தனிக் கட்டணம். எவ்வளவு தேவைன்னு கணக்குப் போடறது ஒரு தனிக்குழு. மாநிலங்கள் எல்லாம் ஒத்துக்கணும். 2020 கடைசியில ஒரு மாநிலம் உயர்வுக்கு முட்டுக்கட்டை போட்டுச்சு. அடுத்த வருஷமே அவங்க அரசியல் சாசன நீதிமன்றம், அப்படி நிறுத்த முடியாதுன்னு சொல்லிடுச்சு. ஹிட்லர் காலத்து வானொலியைப் பாத்துச் சூடுபட்டவங்க, கவனமாக் கட்டியிருக்காங்க. அமெரிக்காவுல இந்தப் பூட்டு கிடையாது. பொது ஒலிபரப்புக்கு ரெண்டு வருஷத்துக்குன்னு ஒதுக்கின 110 கோடி டாலரை, 2025 ஜூலையில நாடாளுமன்றம் ஒரே மசோதாவுல திரும்ப எடுத்துக்கிச்சு.

நம்ம ஊர்லயும் ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்துச்சு, தபால் ஆபீஸ்ல போய்க் கட்டுவாங்க. 1980கள்ல எடுத்துட்டாங்க. அதைத் திரும்பக் கொண்டு வாங்கன்னு நான் சொல்லல, சொன்னா நீங்களே என்னை அடிக்க வருவீங்க. மத்திய வரியில மாநிலங்களுக்குப் பங்கு சொல்ற நிதிக்குழுன்னு ஒண்ணு அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை உக்காருதில்லையா, அந்த மாதிரி ஒரு குழு பிரசார் பாரதியோட தொகையை மொத்தமா முடிவு பண்ணட்டும். நடுவுல எந்த அமைச்சரும் கை வைக்க முடியாதுன்னு சட்டத்துல எழுதட்டும். அப்படிச் செஞ்சா வரிப்பணம் குடுக்கலாம். இப்ப இருக்கற மாதிரியே நடக்கும்னா உங்க கோபம் நியாயம்தான் சார்.

தனியாரும் வேணும், தாராளமா இருக்கட்டும். இன்னும் கூடக் கேக்கறேன். தனியார் எஃப்எம்ல இன்னைக்கு வரைக்கும் சொந்தமாச் செய்தி வாசிக்க அனுமதி இல்ல, ஆகாசவாணி செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு பண்ணலாம், அவ்வளவுதான். டிவியில நாள் முழுக்கச் சண்டை போடலாமாம், ரேடியோவுல மட்டும் தலைப்புச் செய்தி கூடச் சொல்லக் கூடாதாம். இந்தத் தடையை எப்ப எடுப்பீங்கன்னு, ஓட்டுக் கேட்டு வர்ற உங்க தொகுதி எம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.