எங்கள் அப்பா வாட்சின் தேமல்

நடுவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். எட்டு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய கைக்கடிகாரத்தைச் சரிசெய்யும்போது பழைய பாகத்தைக் காப்பாற்றுவதா, புதுசு போட்டுப் பளபளப்பாக்குவதா? காப்பாற்ற வேண்டும் என்கிறது எங்கள் அணி. எதிரணித் தம்பி என்ன சொல்லிக் கைதட்டல் வாங்கினார்? "டயலில் தேமல் விழுந்திருக்கிறது, மருந்து போடாமல் அதைக் கொஞ்சுகிறார்கள்" என்றார். மூன்று பக்கம் குறிப்பு எழுதி வந்திருந்தேன். மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இந்தத் தேமலைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தம்பி, எங்கள் அப்பாவுடையது எச்.எம்.டி. ஜனதா. சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல உள்ளே 17 கல், தினமும் சாவி கொடுக்க வேண்டும். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தார்களே, அந்த எச்.எம்.டி. இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனை அப்பாக்களுக்கு அது கல்யாணச் சீர்! கோயம்புத்தூர் மில்லில் அப்பாவுக்கு சைசிங்கில் வேலை. நூலுக்குக் கஞ்சி போடுகிற இடம், எந்நேரமும் ஆவி. அந்த ஆவி சாவித் திருகு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, டயலில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே பழுப்பாக ஒரு திட்டு. புளியங்கொட்டை அளவு. அதுதான் தம்பி சொன்ன தேமல்.

அப்பா போன பிறகு வாட்ச் நின்றுவிட்டது. ஒரு கடையில் கொடுத்தேன். "ஓட வையுங்கள்" என்று மட்டும்தான் சொன்னேன். நாலு நாள் கழித்துப் போனால், புது டயல், புது முள், வெளிக்கூடான கேஸ் முழுக்க பாலிஷ். தகதகவென்று இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஓடிப்போய் அம்மா கையில் கொடுத்தேன்.

அம்மா பார்த்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். அப்புறம் கேட்டார்கள்: "ஏங் கண்ணு, இது ஆருது?"

நடுவர் அவர்களே, நாற்பது வருடம் தினமும் காலையில் அந்த வாட்சை எடுத்துக் கொடுத்த கை அது! "அப்பாவோடதும்மா" என்றேன். "இல்ல கண்ணு, கடைக்காரர் ஆரோடதையோ மாத்திக் குடுத்துட்டாரு. போயி நம்மளத வாங்கியா" என்றார்கள். "ஏங் கண்ணு, இது ஆருது?" அந்தக் கேள்விக்கு எதிரணியில் யாராவது பதில் சொல்லட்டும்!

திரும்ப ஓடினேன். கடைக்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார். உள்ளே கழற்றிப் போட்ட டயல்கள், ஐம்பது இருக்கும். பாதிக்கு மேல் ஜனதா. ஒரே எழுத்து, ஒரே கோடு, ஒரே அளவு. மேஜைமேல் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே புளியங்கொட்டை. கிடைத்துவிட்டது! தம்பி, நீங்கள் மருந்து போடச் சொன்னீர்களே, அந்தத் தேமல் இல்லாவிட்டால் எங்கள் அப்பா வாட்சை நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்?

மெயின் ஸ்பிரிங் அறுந்தால் மாற்றுங்கள். எண்ணெய் காய்ந்தால் கழுவிப் புது எண்ணெய் விடுங்கள். கண்ணாடி உடைந்தால் வேறு போடுங்கள். இதில் எங்களுக்குச் சண்டையே இல்லை. டயலிலும் முள்ளிலும் கேஸிலும் கை வைக்காதீர்கள் என்கிறோம், அவ்வளவுதான். பழைய பாகத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டார்கள். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா 2017-ல் நியூயார்க்கில் ஏலம் போனது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு. அதன் முதுகில் அவர் மனைவி பொறித்துக் கொடுத்த வாசகம், 'பார்த்து ஓட்டுங்கள், நான்' என்ற பொருளில். கார்ப் பந்தயம் ஓட்டுகிற கணவனுக்கு ஒரு மனைவி சொன்னது. பாலிஷ் போட்டுத் தேய்த்திருந்தால் அந்த அம்மாவின் குரல் எங்கே போயிருக்கும்?

எங்கள் வாட்சின் முதுகிலும் எழுத்து இருந்தது, உள்பக்கம். வேறொரு பெரியவரிடம் பழைய டயலைப் பூட்டக் கொடுத்தபோது அவர்தான் லென்ஸ் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு சர்வீசுக்கும் ரிப்பேர்காரர்கள் ஊசியால் கீறிய தேதிகள். வெளியே தேய்த்தவர்கள் உள்ளே தொடவில்லை, நல்லவேளை. கடைசித் தேதி, அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்கு ஒன்பது நாள் முன்னால். மூச்சு வாங்கிக்கொண்டே அந்த மனுஷன் வாட்சுக்கு எண்ணெய் போட நடந்து போயிருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது.

பழைய டயலோடு அம்மா கையில் கொடுத்தேன். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. கட்டைவிரலால் அந்தத் திட்டை ஒருமுறை தடவினார்கள். சாவி கொடுத்தார்கள். காதில் வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.