மன்னிக்கிற உரிமை யாருக்கு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெயில் இறங்கும் முன்பே வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'மதங்கள் முதலில் கற்றுத்தருவது நீதியா, கருணையா?' என்பது தலைப்பு. நான் நீதி அணி. கருணை என்று சொன்னாலே இங்கே கைதட்டல் விழுகிறது. நீதி என்றதும் சம்மன் கொண்டுவந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்க்கிறீர்கள். பரவாயில்லை.

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஊதாரி மகன் கதையைச் சொல்லி உங்களை அழ வைத்தார். நடுவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார். நல்ல கதைதான். பங்கைப் பிரித்து வாங்கிப்போய் அழித்துவிட்டு வந்த இளைய மகனைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார், கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார். அம்மா அதோடு நிறுத்திவிட்டார். பைபிளில் அந்தக் கதையை எழுதிய லூக்கா நிறுத்தவில்லை. வயலிலிருந்து வந்த மூத்தவன் உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனிடம் சொல்கிறார்: 'எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது.' கவனியுங்கள். இளையவனுக்கு மோதிரம் உண்டு, செருப்பு உண்டு, சாப்பாடு உண்டு. மூத்தவன் பங்கிலிருந்து ஒரு சென்ட் நிலம் கிடையாது. தகப்பனுக்குத் தன்னுடையதை எடுத்துக் கொடுக்கத் தெரிந்தது. அடுத்தவனுடையதை எடுத்துக் கருணை காட்டவில்லை.

நான் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், எங்கள் தெருவில் ஒரு சீட்டு முங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய், இருபது பேர். என் அம்மா பதினாறு மாதம் கட்டியிருந்தார். சீட்டு நடத்தியவர் ஒரு நாள் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துவிட்டார். மூன்று மாதம் கழித்து அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து கோயில் திண்ணையில் உட்கார வைத்தார்கள். அவர் அழுதார். தெருவில் மரியாதைப்பட்ட ஒரு பெரியவர், 'பாவம், புள்ளகுட்டிக்காரி, மன்னிச்சு விடுங்கம்மா, சாமி பாத்துக்கும்' என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த சீட்டு நோட்டை மடக்குவார், விரிப்பார், மறுபடி மடக்குவார். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத்தான் சொன்னார்: 'அந்தப் பெரியவர் சீட்டே கட்டலடா.'

அதே லூக்காவில் சகேயு என்று ஒருவர் வருகிறார், வரி வசூலிப்பவர்களின் தலைவர். இயேசு தானாகவே அவர் வீட்டுக்குப் போகிறார். அது கருணைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சகேயு எழுந்து நின்று, 'ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன்' என்கிறார். அதற்குப் பிறகுதான் 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்ற வார்த்தை வருகிறது. எங்கள் திண்ணையில் அந்த நாலு மடங்கு வேண்டாம், ஒரு மடங்கைப் பற்றிக்கூட யாரும் வாய் திறக்கவில்லை.

மனுநீதிச் சோழனை நான் இழுக்கக் கூடாது என்றுதான் வந்தேன். பட்டிமன்றத்துக்குப் பட்டிமன்றம் ஓட்டி அந்தத் தேர்ச்சக்கரம் தேய்ந்தே போய்விட்டது. ஆனால் ஓர் இடத்தை யாரும் சொல்வதில்லை. இளவரசன் தேரில் கன்று அகப்பட்டுச் சாகிறது, பசு வந்து மணியை அடிக்கிறது. அமைச்சர்கள் அரசனிடம், 'பசுவதைக்கு நூலில் பரிகாரம் இருக்கிறது, அதைச் செய்தால் போதும்' என்கிறார்கள். அவர்களும் கருணை அணிதான். அரசன் கேட்பதாகச் சேக்கிழார் எழுதுகிறார்: 'குழக்கன்றை இழந்தலறும் கோவுறுநோய் மருந்தாமோ?' கன்றைப் பறிகொடுத்துக் கதறுகிற பசுவின் நோவுக்கு உங்கள் பரிகாரம் மருந்தாகுமா என்கிறார். மகனைத் தேர்க்காலில் இட்டது சரியா என்று கேட்டால் எனக்கே நெஞ்சு நடுங்குகிறது, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அந்தக் கேள்விக்கு மட்டும் வாங்குவேன். அந்த மண்டபத்தில் பசுவைத் திரும்பிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

யூதர்களுக்கு யோம் கிப்பூர் என்று ஒரு நோன்பு நாள், பாவம் தீர்க்கும் நாள். அதற்கு அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா ஒரு கண்டிஷன் வைக்கிறது: கடவுளுக்குச் செய்த தப்பு அந்த நாளில் தீரும், பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்த தப்பு அவனைச் சமாதானப்படுத்தும் வரை தீராது. ஆக, கடவுளே அந்தக் கணக்கில் கை வைப்பதில்லை.

எதிரணியில் பாய் எழுந்து, குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 113 'அளவற்ற அருளாளன்' என்று தொடங்குகின்றன என்றார். உண்மை. அதே குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 178ஆம் வசனத்தையும் அவர் சொல்லியிருக்கலாம். கொலைக்குப் பழி வாங்கும் உரிமையும் மன்னிக்கும் உரிமையும் அங்கே இறந்தவரின் உறவினர் கையில் இருக்கின்றன. மன்னித்தால் ஈட்டுத்தொகையை நல்லமுறையில் கொடுக்க வேண்டும், அது இறைவன் தந்த சலுகை என்கிறது.

இது ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. குவைத்துக்கு வேலைக்குப் போன தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு, மலப்புரத்துக்காரர் ஒருவரைக் கொன்ற வழக்கில் தூக்கு விதித்தார்கள். தூக்குத் தண்டனை பெற்றவரின் மனைவி, ஒரு இந்துப் பெண், கேரளாவுக்குப் போய்ப் பாணக்காட்டில், அங்கத்திய முஸ்லிம்கள் பெரிதும் மதிக்கும் தங்ஙள் குடும்பத்தின் வாசல் ஏறினார். 30 லட்ச ரூபாய் திரட்டப்பட்டது. கணவனைப் பறிகொடுத்த அந்த மலப்புரத்துப் பெண் 2017இல் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். சர்வமத மாநாடு என்று மேடை போட்டுச் சால்வை போர்த்துகிறோமே, எனக்கு அந்த வீடுதான் சர்வமத மாநாடு.

கருணைதானே ஜெயித்தது என்று பாய் சிரிக்கிறார். இருங்கள் பாய். அந்தக் கடிதத்தில் தங்ஙள் கையெழுத்துப் போட முடியுமா? அவ்வளவு பெரிய மனிதர், ஊரே எழுந்து நிற்கும். ஆனாலும் முடியாது. அதைப் போடும் உரிமை உன்னுடையது என்று அந்தப் பெண்ணிடம் முதலில் கொடுத்தது நீதி. இரண்டு பேரின் பாரமும் தெரிந்து நடுவில் நின்றவர்கள் செய்தது உதவி. அதன்பிறகு அவர் கையிலிருந்து வந்ததே, அதுதான் கருணை. திண்ணைப் பெரியவரிடமிருந்து வந்தது வேறு.

வள்ளுவரை வைத்து என்னை மடக்கலாம் என்று எதிரணி காத்திருப்பது தெரிகிறது. கண்ணோட்டம், அதாவது இரக்கம், என்று ஒரு முழு அதிகாரமே இருக்கிறது, சரி. அதற்குள்ளேயே 'கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு' என்று, கடமை கெடாமல் இரங்கச் சொல்லும் கடிவாளமும் இருக்கிறது. அதற்கு மூன்று அதிகாரம் முன்னால் செங்கோன்மையில் முதல் குறளிலேயே 'ஓர்ந்துகண் ணோடாது' என்று...

மணி அடித்துவிட்டீர்கள். சரி ஐயா, முடித்துக்கொள்கிறேன். குறிப்பில் இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. எதிரணி அம்மாவுக்குக் கூடுதலாகக் கொடுத்தீர்களே இரண்டு நிமிடம், அது என் நேரத்திலிருந்து போனது. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். வணக்கம்.